கட்டைவிரலும் ஒளிர்ந்தது

காலை ஒன்பதுக்கும் இருட்டுதான்
ஜனவரி ஒவுலுவில்.
மருத்துவமனையின் தரைக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கு
அது ஒரு குறையில்லை.
ஈயக் கதவு, ஈயப் பெட்டி,
பெட்டிக்குள் அரை மில்லி மருந்து.
அதை என்னிடம் நீட்டும்போதெல்லாம்
துயிரே முணுமுணுப்பாள்:
"வீட்டைத் தட்டாதே. தெருவைத் தேடு."
மருந்திடம் சொல்கிறாள்,
என்னிடம் அல்ல.

செல்களை வீடுகள் என்று வைத்துக்கொண்டால்
கட்டியின் வீடுகளை நம்ப முடியாது.
நேற்று மாட்டிய பெயர்ப்பலகை இன்று இருக்காது.
பூட்டு மாறும்,
கதவு இருந்த இடத்தில் சுவர் நிற்கும்.
பத்து வருடம் அந்தக் கதவுகளைத் தட்டிவிட்டுத்தான்
அவள் தெருவுக்கு வந்தாள்.
வீடுகளுக்கு நடுவே
கொலாஜன் கயிறும் ஃபைப்ரோநெக்டின் நாரும்
ஒன்றில் ஒன்று சிக்கிக் கிடக்கும் நிலம்.
யாரும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை,
பொட்டலம் பிரித்தபின் சணலை எறிவதுபோல.
ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது.
அவசரமாய்த் தெரு போடும் இடங்களில்
நாருக்குள் ஒரு துண்டு கூடுதலாய்ச் சேரும்.
வளர்ந்து முடிந்த உடம்பில்
அநேகமாய் அது கிடையாது.
துயிரேயின் ஆன்டிபாடிக்கு
எழுத்துக்கூட்டத் தெரிந்தது
அந்த ஒரே சொல்தான்.

கெர்த்து யூலிதாலோ, அறுபத்திரண்டு வயது,
வலது நுரையீரலில் கட்டி.
ஹைலுவோத்தோ தீவிலிருந்து
உறைந்த கடல்மேல் தானே வண்டி ஓட்டி வந்தாள்.
ஊசி போட்டேன்.
இரண்டு நாள் கழித்துப் படம் எடுத்தேன்.
நுரையீரலில் ஒரு வெளிச்சம்,
எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவில்.
அப்புறம்
படத்தின் ஓரத்தில், இடுப்புக்குப் பக்கத்தில்,
கடுகளவு இன்னொன்று.

கருவியைச் சந்தேகித்தேன்.
மேசையைத் துடைத்தேன், மீண்டும் எடுத்தேன்.
மீண்டும் கடுகு.
கெர்த்து போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தாள்.
கட்டைவிரலில் துணிக்கட்டு.
"போன வாரம் மீன் அரியும்போது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."
திரையைப் பார்த்துச் சிரித்தாள்:
"பாவம், இவ்வளவு தூரம் வந்து
என் விரலையும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது."

துயிரே சிரிக்கவில்லை.
இன்று அதன் முதுகில் வெறும் வெளிச்சம்.
அடுத்த கட்டத்தில் நஞ்சு ஏற்றுவதாகத் திட்டம்.
ஆறுகிற புண்ணும் புரையோடுகிற கட்டியும்
ஒரே கொத்தனை வைத்துத் தெரு போட்டால்
நஞ்சு யாரிடம் வழி கேட்கும்?

படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க உட்கார்ந்தோம்.
"சமீபத்தில் காயம் ஏதும் உண்டா?"
எங்கே சேர்ப்பது என்று பார்த்தாள்.
"கர்ப்பமாக இருக்கிறீர்களா?"
அதற்கு அடுத்த வரி காலியாக இருந்தது.
எழுதினாள்.
பேனாவை மூடாமல்
மேலே இருந்த வரியையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
காபி ஆறிப்போனது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை
மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாள்.
ஈயப் பெட்டி தள்ளுவண்டியில் தனியாக இருந்தது.
"இன்று முதல் நீயே அளந்துகொள்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கோடு யாருக்காகப் போட்டது என்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கதவு ஒன்றுகூட இல்லாத இருட்டில்
முதல் தெரு போடுகிறார்கள் போலும்.
ஒன்பது வாரமோ, பத்தோ.
எட்டு வருடமாய்
அடுத்தவர் உடம்பில் தேடிய சொல்லை
அவள் உடம்பே எழுதிக்கொண்டிருக்கிறது,
அவளைக் கேட்காமல்.

வண்டியை உள்ளே இழுத்தேன்.
வழக்கமான வாசகத்தை அவள் சொல்லவில்லை.
கதவு சாத்திய பிறகு
பெட்டியிடம் நான்தான் குனிந்து சொன்னேன்:
தெருவைத் தேடு.
கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும்.